ஒரே எதிரி: ஹாங்காங் – கான்டன் வேலைநிறுத்தம், 1925–26

சீனாவில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக நடந்த போராட்டங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் சலிப்பு வந்துவிடும். 1839-ல் சீனப் பேரரசின் அதிகாரி லின் சேஷு இருபதாயிரம் பெட்டிக்கு மேற்பட்ட அபினை ஹூமன் கடற்கரையில் கரைத்து அழித்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன, 1842-ல் ஹாங்காங் தீவு கைவிட்டுப் போனது. 1900-ல் அந்நியரை விரட்டக் கிளம்பிய பாக்ஸர்கள் எழுந்தார்கள். எட்டு நாட்டுப் படைகள் பீகிங்குக்குள் புகுந்தன, 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி நஷ்டஈடாகத் தலையில் கட்டப்பட்டது. எதிர்ப்பு, படையெடுப்பு, ஒப்பந்தம், அபராதம். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

1925 ஜூனில் தொடங்கி 1926 அக்டோபர் வரை பதினாறு மாதம் நடந்த ஹாங்காங் – கான்டன் (இன்றைய குவாங்சோ) வேலைநிறுத்தம் இந்த வரிசையில் சேராது. பிரிட்டிஷ் அரசு படையெடுக்கவில்லை. ஒப்பந்தம் எதையும் திணிக்கவும் முடியவில்லை. மாறாக, தன் காலனி திவாலாகாமல் இருக்க லண்டனிலிருந்து 30 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க வேண்டிவந்தது. இது எப்படி நடந்தது என்பதற்குத் தொழிலாளர் ஒற்றுமை, தேசபக்தி என்று வழக்கமாகச் சொல்வார்கள். அவை பாக்ஸர்களிடமும் இருந்தன. உண்மையான காரணம் 1925 ஆகஸ்டில் எடுத்த, பார்வைக்கு வெறும் கணக்கர் வேலை போலத் தெரியும் ஒரு முடிவு என்பது என் கட்சி. அந்த முடிவின் பலன், அதற்காகப் பட்டினி கிடந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஷாங்காயில் விழுந்த பொறி

தொடக்கம் ஷாங்காயில், ஜப்பானியருக்குச் சொந்தமான ஒரு பஞ்சாலையில். 1925 மே 15 அன்று நைகாய் ஆலையில் வேலைக்கு வந்தவர்களை உள்ளே விடாததால் தகராறு மூண்டது. ஜப்பானிய மேலாளர் தரப்பு சுட்டதில் கு செங்ஹோங் என்ற இளம் தொழிலாளி இறந்தார். ஷாங்காயின் நடுப்பகுதியான சர்வதேசக் குடியிருப்பு சீன மண்ணில்தான் இருந்தது, ஆனால் சீனச் சட்டம் அங்கே செல்லாது. அதை ஆண்டது வெளிநாட்டுச் சொத்துக்காரர்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றம். அந்தப் பகுதியில் வரி கட்டியவர்களில் பெரும்பான்மை சீனர்கள். மன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம்கூட இல்லை.

மே 30, சனிக்கிழமை. கு செங்ஹோங்கின் சாவுக்கு நியாயம் கேட்டு மாணவர்கள் நான்கிங் சாலையில் ஊர்வலம் போனார்கள். சிலரைப் பிடித்து லௌசா காவல் நிலையத்தில் அடைத்ததும் அவர்களை விடச்சொல்லி வாசலில் கூட்டம் சேர்ந்தது. பொறுப்பில் இருந்த ஆங்கிலேய இன்ஸ்பெக்டர் எவர்சன் எச்சரித்துவிட்டுச் சில நொடிகளிலேயே சுட உத்தரவிட்டார். 44 குண்டுகள். நான்கு பேர் அங்கேயே விழுந்தார்கள். பின்னர் இறந்தவர்களைச் சேர்த்தால் ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை கணக்குக்குக் கணக்கு மாறும். சுட்ட காவலர்களில் சீனர்களோடு சீக்கியர்களும் இருந்தார்கள். பஞ்சாபிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள், இன்னொரு அடிமை நாட்டின் தெருவில், வெள்ளைக்கார அதிகாரியின் சொல்லுக்குத் துப்பாக்கி தூக்கினார்கள். இந்தியா இதைக் கவனிக்காமல் இல்லை. 1927 தொடக்கத்தில் ஷாங்காய்க்கு இந்தியப் படைகள் அனுப்பப்பட்டபோது, அதே பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் நேருவும் சீனப் பிரதிநிதிகளும் கூட்டாக அறிக்கை விட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையும் இந்தியச் சிப்பாய்களைச் சீனாவில் பயன்படுத்துவதைக் கண்டித்தது.

ஜூன் முதல் தேதியிலிருந்து ஷாங்காயில் பொது வேலைநிறுத்தம். தொழிலாளர், மாணவர், கடைக்காரர் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். ஆனால் கடைக்காரர்கள் மாதக் கடைசியில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். ஜூலையில் நகராட்சி மன்றம் சீனர்களின் ஆலைகளுக்கு மின்சாரத்தை வெட்டியது. மின்நிலையம் அவர்கள் கையில் இருந்தது. ஜப்பானிய ஆலைகள் ஆகஸ்டில் தனியாகச் சமரசம் செய்துகொண்டன. நகரமே எதிராளியின் கையில் இருக்கும்போது வேலைநிறுத்தக்காரன் எங்கே போய் உட்காருவான், யார் அவனுக்குச் சோறு போடுவார்கள் என்ற கேள்விக்கு ஷாங்காயில் பதில் இல்லை. தெற்கே இருந்தது.

ஹாங்காங்கிலிருந்து நடந்து போகும் வழி

ஹாங்காங் தொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. 1922 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள். காலனி அரசு சங்கத்தைச் சட்டவிரோதம் என்றது. போலீஸ் வந்து சங்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. பிப்ரவரிக் கடைசியில் ஒரே நாளில் அவசரகால ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. (இதே சட்டத்தைத்தான் 2019-ல் முகமூடித் தடைக்கு ஹாங்காங் அரசு தூசி தட்டி எடுத்தது.) கான்டனுக்கு நடந்தே புறப்பட்டவர்கள் மீது மார்ச் தொடக்கத்தில் ஷாட்டினில் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் இறந்தார்கள். அதன்பின் எல்லாத் தொழிலும் நின்றது. அரசு இறங்கி வந்து, கழற்றிய பலகையைத் தானே கொண்டுவந்து மாட்டியது. தெருவில் கூடி நின்று அதை வேடிக்கை பார்த்த கூட்டம் மூன்று வருடம் கழித்தும் அந்தக் காட்சியை மறந்திருக்காது.

அந்த 1922-ல் கற்ற பாடம்தான் முக்கியம். ஹாங்காங்கில் வேலைநிறுத்தம் செய்தால் ஹாங்காங்கில் இருக்கக் கூடாது, கான்டனுக்குப் போய்விட வேண்டும். பெரும்பாலான தொழிலாளர்களுக்குச் சொந்த ஊர் குவாங்டாங் மாகாணத்தில்தான். ரயிலேறினாலோ படகேறினாலோ ஊர். கான்டனில் அப்போது இருந்தது சன் யாட் சென் கட்டி வைத்துவிட்டுப்போன கோமிந்தாங் (தேசியக் கட்சி) அரசு. அவர் 1925 மார்ச்சில் பீகிங்கில் இறந்திருந்தார். கம்யூனிஸ்டுகள் கோமிந்தாங்குக்கு உள்ளேயே இருந்து வேலை செய்த காலம் அது. பீகிங்கில் இருந்த அரசுக்குத்தான் வெளிநாடுகளின் அங்கீகாரம். கான்டன் அரசை உலகம் அரசாகவே மதிக்கவில்லை.

ஷாங்காய்த் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து 1925 ஜூன் 19-ல் மாலுமிகள், டிராம் தொழிலாளர், அச்சுத் தொழிலாளர் முதலில் வெளியேறினார்கள். அடுத்தடுத்துத் துறைமுகக் கூலிகள், சமையல்காரர்கள், வீட்டு வேலைக்காரர்கள், மாணவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டரை லட்சம் பேர் கிளம்பியதாகச் சொல்வதுதான் வழக்கமான கணக்கு. மொத்த மக்கள்தொகை ஏழு லட்சத்துச் சொச்சம் இருந்த ஊரில் இது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம். கடற்படைச் சிப்பாய்கள் படகுப் போக்குவரத்தை ஓட்டினார்கள், வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் டிராம் ஓட்டினார்கள். மலை உச்சி பங்களாக்களில் சமைக்க ஆளில்லை.

அவர்கள் வைத்த கோரிக்கை ஆறு. அதில் ஷாங்காய் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது; எல்லாமே ஹாங்காங்கில் வாழும் சீனர்களின் அன்றாடம். பேச்சு, கூட்டம், வேலைநிறுத்த உரிமை. சட்டத்தின் முன் சமத்துவம், அதாவது சவுக்கடியும் நாடுகடத்தலும் சீனனுக்கு மட்டும் என்ற நிலை போக வேண்டும். சட்டசபைக்குத் தேர்தல். எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி. வீட்டு வாடகையில் கால் பங்கு குறைப்பு. கடைசியாக, விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை. விக்டோரியா சிகரத்தில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1904-ல் சட்டமே போட்டிருந்தார்கள். வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் பரவாயில்லை.

ஷாஜி

ஜூன் 23 அன்று கான்டனில் பெரிய ஊர்வலம். தொழிலாளர், மாணவர், உழவர், கடைசியில், கான்டனுக்கு அருகே உள்ள துறைமுகமான வாம்போவாவின் ராணுவப் பள்ளி மாணவர்கள். போன வழி ஷாஜி சாலை. அதன் ஓரம் ஒரு குறுகிய கால்வாய். அக்கரையில் ஷாமியான், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்து வைத்திருந்த சின்னத் தீவு. இரண்டு பாலம், பாலத்தில் கதவு, மணல் மூட்டை, இயந்திரத் துப்பாக்கி.

முந்தைய ஆண்டே இந்தப் பாலங்கள் ஒரு சண்டையைப் பார்த்திருந்தன. 1924 ஜூனில் பிரெஞ்சு இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல் மெர்லானுக்கு ஷாமியானில் விருந்து நடந்தபோது பாம் ஹோங் தாய் என்ற வியட்நாமிய இளைஞர் குண்டு வீசினார். மெர்லான் பிழைத்துக்கொண்டார், பாம் முத்து நதியில் குதித்து இறந்தார். அதைச் சாக்காக வைத்து, தீவுக்குள் வரும் சீனர்கள் புகைப்படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். தீவில் வேலை பார்த்த சீனர்கள், சீனக் காவலர்கள் உட்பட, மொத்தமாக வெளியே நடந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தீவு தத்தளித்தது. பாஸ் விதி போனது.

இந்த முறை பேச்சுக்கு இடமில்லை. பிற்பகலில் தீவிலிருந்து சூடு. ஐம்பதுக்கு மேற்பட்ட சீனர்கள் இறந்தார்கள், நூற்றுக்கு மேல் காயம். தீவில் ஒரு பிரெஞ்சு வணிகர் இறந்தார். முதலில் சுட்டது யார் என்று இரு தரப்பும் இன்றுவரை வேறு வேறு சொல்கின்றன. சாவுக் கணக்கைப் பார்த்தால் அந்த விவாதத்தில் எனக்கு அதிக அக்கறை வரவில்லை. அந்தச் சாலையின் பெயர் இன்று 'ஆறு இரண்டு மூன்று', அதாவது ஜூன் 23. அன்று மாலையோடு, ஹாங்காங் வேலைநிறுத்தம் என்பது தென் சீனாவின் பொருளாதார முற்றுகையாக மாறிவிட்டது.

சூதாட்ட விடுதிகளில் ஓர் அரசு

வந்து குவிந்தவர்களை எங்கே வைப்பது? வேலைநிறுத்தக் குழு கான்டனின் சூதாட்ட விடுதிகளையும் அபின் கடைகளையும் காலிக் கட்டடங்களையும் எடுத்துக்கொண்டது. புகை பிடித்துப் படுத்த பலகைகள் தொழிலாளர் படுக்கையாகின, சீட்டாடிய கூடங்களில் சாப்பாட்டுப் பந்தி. வேலையில்லாமல் ஊர் சுற்றக் கூடாது என்று கான்டனிலிருந்து வாம்போவாவுக்குச் சாலை போடும் வேலையில் இறக்கினார்கள். பணம் கான்டன் அரசிடமிருந்தும், வெளிநாட்டுச் சீனர்களிடமிருந்தும், பிடிபட்ட சரக்கை ஏலம் விட்டும் வந்தது. அரசுப் பணத்துக்கு வழி செய்தவர் கோமிந்தாங் இடதுசாரித் தலைவர் லியாவ் சோங்காய்.

குழுவின் தலைவர் சு சாவ்செங். கப்பலில் வேலை பார்த்தவர், 1922 வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். அமைப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் கம்யூனிஸ்ட் டெங் சோங்ஷியா. ஐம்பது தொழிலாளிக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் கொண்ட மாநாடு அடிக்கடி கூடி, செலவுக் கணக்கு முதல் பேச்சுவார்த்தை நிபந்தனை வரை எல்லாவற்றையும் விவாதித்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மறியல் படையினர் ஆற்று முகத்துவாரங்களிலும் கடற்கரைத் துறைமுகங்களிலும் நின்று ஹாங்காங் சரக்கைப் பிடித்தார்கள். படகுகள் இருந்தன, விசாரணை மன்றம் இருந்தது, சிறையும் இருந்தது. இதை 'இரண்டாவது அரசு' என்று எதிரிகள் கேலி செய்தார்கள். கேலி என்றாலும் தப்பான வர்ணனை இல்லை.

ஆகஸ்டின் கணக்கு

முதல் இரண்டு மாதம் இந்த முற்றுகை, கட்டியவர்களையே இறுக்கியது. கான்டனின் வெளிநாட்டு வணிகம் எல்லாமே ஹாங்காங் வழியாகத்தான் நடந்து பழக்கம். அரிசி அந்த வழியில் வரும், மண்ணெண்ணெய் அந்த வழியில் வரும், பட்டு அந்த வழியில் போகும். எல்லா வெளிநாட்டுக் கப்பலையும் தடுத்தால் தட்டுப்பாடு முதலில் கான்டன்காரனுக்குத்தான். வணிகர்கள் முணுமுணுத்தார்கள். அது சாதாரண முணுமுணுப்பு இல்லை. முந்தைய அக்டோபரில்தான் கான்டன் வணிகர் படை, ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் சீனத் தரகர் சென் லியான்போ தலைமையில், சன் யாட் சென் அரசுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி அடங்கியிருந்தது.

ஆகஸ்டில் குழு வழியை மாற்றியது. பிரிட்டிஷ் சரக்காக இல்லையா, பிரிட்டிஷ் கப்பலில் வரவில்லையா, ஹாங்காங்கையும் பக்கத்துப் போர்ச்சுகீசியக் காலனியான மக்காவோவையும் தொடவில்லையா — அப்படியானால் தாராளமாக வரலாம், சிறப்பு பர்மிட் வாங்கிக்கொண்டு இறக்கலாம். அமெரிக்கன், ஜப்பானியன், பிரெஞ்சுக்காரன், யாராக இருந்தாலும் சரி. ஷாஜியில் சுட்டவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு, ஷாங்காய் ஆலையில் சுட்டது ஜப்பானியத் தரப்பு. உணர்ச்சிக்கு இது கசப்பான மருந்து. கூட்டத்தில் இதை ஆதரித்துப் பேசியவர்கள் எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் வேலை செய்தது. ஷாங்காயிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பல்கள் ஹாங்காங்கைத் தாண்டி நேராக வாம்போவாவுக்கு வரத் தொடங்கின. நடுத்தரகர் இல்லாத லாபத்தைக் கான்டன் வணிகர்கள் முதல்முறையாக ருசி பார்த்தார்கள். போன வருடம் சுடத் துணிந்த வர்க்கத்துக்கு இப்போது வேலைநிறுத்தம் நீடிப்பதில் ஆதாயம் இருந்தது. மற்ற வல்லரசுகளுக்கோ, பிரிட்டனோடு சேர்ந்து கப்பற்படை அனுப்பக் காரணமே இல்லை. பிரிட்டன் இழந்த வணிகம் அவர்கள் மடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1900-ல் எட்டு நாடுகளைச் சேர்த்துவைத்தது எல்லாருக்கும் பொதுவான பயம். அந்தப் பொதுத்தன்மையை பர்மிட் என்ற துண்டுக் காகிதம் கலைத்துவிட்டது.

ஹாங்காங்கின் வணிகம் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. வாடகையும் நிலமதிப்பும் விழுந்தன, வணிக நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. லண்டன் கடன் வந்தது அப்போதுதான். கவர்னர் ஸ்டப்ஸ் ராணுவ நடவடிக்கை வேண்டும் என்று லண்டனை நச்சரித்தார், லண்டன் மறுத்தது. நவம்பரில் அவருக்குப் பதிலாக வந்த செசில் கிளமெண்டி கான்டனியம் பேசத் தெரிந்தவர்.

காலனியைத் தாங்கிப் பிடித்தவர்கள் பட்டியலில் இரண்டு உள்ளூர்ப் பெரியவர்களும் வருவார்கள்: ஷவ்சன் சௌ, ராபர்ட் கோட்வால். வேலைநிறுத்த எதிர்ப்புப் பிரச்சாரத்தைச் சீன மொழியில் நடத்தியது இவர்கள் வட்டம்தான். கோட்வாலின் தந்தை பம்பாய்ப் பார்சி வழியினர், தாய் சீனர். கைம்மாறாக, 1926-ல் ஷவ்சன் சௌ கவர்னரின் நிர்வாக சபையில் அமர்த்தப்பட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் சீனர் அவர். தேர்தல் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் ஊரில் இல்லாத நேரத்தில் இந்த நியமனம் நடந்தது.

கான்டனுக்குள் விழுந்த விரிசல்

குறைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. மறியல் படையில் சிலர் காசு வாங்கிக்கொண்டு சரக்கை விட்டார்கள், சிலர் ஏழை வியாபாரியின் மூட்டையைப் பிடுங்கினார்கள். ஹாங்காங் சந்தையை நம்பிக் கோழியும் காய்கறியும் வளர்த்த முத்து நதிக் கழிமுகத்து உழவர்களுக்கு இழப்பீடு தர யாரும் இல்லை. மறியல்காரர்களோடு கிராமங்கள் மோதியதும் உண்டு.

ஆனால் வேலைநிறுத்தத்தின் கழுத்தை நெரித்தது இது இல்லை. 1925 ஆகஸ்ட் 20-ல் லியாவ் சோங்காய் கட்சி அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1926 மார்ச் 20-ல் சோங்ஷான் என்ற போர்க்கப்பல் விவகாரத்தைச் சாக்காக வைத்து, கோமிந்தாங் படைத்தலைவர்களில் ஒருவரான சியாங் கை ஷேக் கான்டனில் ராணுவச் சட்டம் போட்டார். வேலைநிறுத்தக் குழு அலுவலகத்தையும் அவரது படை சுற்றி வளைத்தது. ஜூலையில் வடக்கு நோக்கிப் படையெடுப்பு தொடங்கியது. பல்லாயிரம் வேலைநிறுத்தக்காரர்கள் சுமைகூலிகளாகப் படையோடு போனார்கள். முதுகுக்குப் பின்னால் பிரிட்டனோடு சண்டை இருந்தால் வடக்கே போக முடியாது என்பது சியாங்கின் கணக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகள் கான்டன் துறையில் மறியல் படகுகளை விரட்டியபோது கான்டன் அரசு பெரிதாகச் சத்தம் போடவில்லை.

1926 அக்டோபர் 10-ல் முற்றுகையும் மறியலும் முடிந்தன. வேலைநிறுத்தக்காரர்களுக்கு இழப்பீடு தருவதில்லை என்பதில் பிரிட்டிஷ் தரப்பு கடைசிவரை அசையவில்லை. பதிலாக, இறக்குமதிக்கு 2.5 சதவீதமும் ஆடம்பரப் பொருளுக்கு 5 சதவீதமும் கூடுதல் வரியைக் கான்டன் அரசு தானே வசூலிக்கத் தொடங்கியது. வேலைநிறுத்தக்காரர்களுக்கு உதவித்தொகை அதிலிருந்து. பிரிட்டன் ஆட்சேபம் தெரிவித்துவிட்டு, தடுக்காமல் இருந்துகொண்டது.

இந்த இரண்டரை சதவீதம் அற்பத் தொகை போலத் தெரியும். அபின் போர்க் காலத்து ஒப்பந்தங்கள் சீனாவின் சுங்க வரியை 5 சதவீதத்தில் பூட்டி வைத்திருந்தன. தன் துறைமுகத்தில் தான் எவ்வளவு வரி போடலாம் என்பதைச் சீனா தீர்மானிக்க முடியாது. வசூலிக்கும் சுங்க இலாகாவின் தலைமையும் பிரிட்டிஷ்காரர் கையில். அந்தப் பூட்டில் விழுந்த முதல் பெரிய விரிசல் இது. சில மாதங்களில் பீகிங் அரசும் இதே கூடுதல் வரியைக் கேட்டது. வசூலிக்க மறுத்த சுங்கத் தலைவர் பிரான்சிஸ் ஆக்லன் 1927 தொடக்கத்தில் வேலையை இழந்தார். அதே சமயம் ஹான்கோவிலும் ஜியுஜியாங்கிலும் இருந்த பிரிட்டிஷ் குடியிருப்புகளைக் கூட்டம் புகுந்து கைப்பற்ற, பிப்ரவரியில் லண்டன் கையெழுத்துப் போட்டு அவற்றை விட்டுக்கொடுத்தது.

கான்டன் அரசுக்கு வருவாய், வணிகர்களுக்கு நேரடி வணிகம், சீனாவுக்குச் சுங்கத்தில் ஒரு பிடி. இவ்வளவும் வந்தது. ஆறு கோரிக்கைகளில் எத்தனை நிறைவேறியது என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. எட்டு மணி நேர வேலை வரவில்லை, தேர்தல் வரவில்லை. பழைய வேலை திரும்பக் கிடைக்காதவர்கள் ஏராளம். மாறாக 1927-ல் ஹாங்காங் அரசு சட்டவிரோத வேலைநிறுத்தச் சட்டம் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது.

1927 ஏப்ரல் 12-ல் ஷாங்காயிலும் மூன்று நாள் கழித்துக் கான்டனிலும் கோமிந்தாங் படைகள் கம்யூனிஸ்டுகளையும் சங்கத்தாரையும் வேட்டையாடின. கூட்டாளியாக இருந்த அரசே துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டது. கான்டனில் மிஞ்சியிருந்த வேலைநிறுத்தக்காரர்களில் பலர் அந்த டிசம்பரில் நடந்த எழுச்சியில் சேர்ந்து, மூன்றே நாளில் அது நசுக்கப்பட்டபோது இறந்தார்கள். சு சாவ்செங் 1929-ல் நோயில் போனார். டெங் சோங்ஷியாவை 1933-ல் நான்ஜிங்கில் சியாங்கின் அரசு சுட்டுக் கொன்றது. சிகரத்தில் சீனர்கள் குடியிருக்கக் கூடாது என்ற சட்டம் ரத்தானது 1946-ல், ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்து ஆண்டுவிட்டுப் போன பிறகு.